பதினேழாம் எண் மரம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஜூடுவின் மரப்பட்டறையில் காசிமாயன் மரம் அறுக்கும் பெரிய வாளுக்கு நிற்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. கம்பெனிகள் சரக்கை அடுக்கி அனுப்பும் பேலட்டுகளும் பெட்டிகளும் அங்கே தயாராகின்றன. பெரும்பாலும் பைன் மரம்தான். ஒவ்வொரு கட்டையையும் வாளுக்குக் கொடுப்பதற்கு முன் காசிமாயன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாள் மேடைக்கு மேலே சுவரில் ஒரு பக்கம் அந்தோணியார் படம், மறுபக்கம் பாண்டி முனி படம்.

"ரெண்டு பேரு காவலுக்கு நிக்கிறாங்க. அப்பவும் நீ சாயங்காலம் விரலை எண்ணிப் பாத்துட்டுத்தான்யா வீட்டுக்குப் போற" என்பார் ஜூடு.

"காப்பாத்துறது அவங்க வேலை மொதலாளி. எண்ணிக்கிறது நம்ம வேலை."

காசிமாயன் யாரிடமும் கடன் சொல்லாதவர், யாரையும் வைதறியாதவர். தெருவில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்குகிறவர். ஆனால் அவரும் ஒரு மனிதரிடம் மட்டும் இருபத்தேழு வருடமாகப் பேசவில்லை. அது அவருடைய அக்கா முத்துத்தாயின் கணவர் விருமாண்டி.

சித்திரை பிறந்த நாலாம் நாள் காலையில், சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துக்கொண்டே காசிமாயனின் மனைவி தமிழ்ச்செல்வி சொன்னார்: "உங்க அக்கா மக அஸ்வினிக்கு வைகாசி ஒம்பதுல கல்யாணமாம். திருப்பரங்குன்றத்துல மண்டபம் பிடிச்சிருக்காங்களாம்."

காசிமாயன் தூக்கை வாங்கி சைக்கிளில் மாட்டினார்.

"பத்திரிகை வைக்க யாரும் வரல" என்றார் தமிழ்ச்செல்வி. "நீங்க ஒரு எட்டுப் போயி எட்டிப் பாத்தா வச்சிருப்பாங்க. தாய்மாமன் இல்லாம அந்தப் புள்ளைய யாரு கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டியாருவா? காதுகுத்துக்கும் நீங்க போகல. யாரோ ஒரு பங்காளி மடியில உக்காந்து அழுதுச்சாம்."

"சாமி முன்னால பொய்ச் சத்தியம் பண்ணுன வீடு. அங்க நான் கால் வைக்க மாட்டேன்."

"அவரு பொய் சொன்னாருன்னு நீங்கதான சொல்றீங்க. சாமி சொல்லலையே."

காசிமாயன் சைக்கிளை மிதித்தார். ஆனால் அன்று முழுக்க அந்தக் காதுகுத்து நெஞ்சில் கிடந்து அறுத்தது. பார்க்காத ஒரு குழந்தையின் அழுகை எப்படிக் காதில் கேட்கும் என்று தெரியவில்லை. கேட்டது.

நடந்தது இதுதான். அப்போது கருமாத்தூர்ப் பக்கத்து மாட்டுக்காரர்கள் சிலர் மழை நின்ற பிறகு மாடுகளை மேல்மலைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். தரையில் புல் காய்ந்துவிடும். மலையில் ஆத்தாமொட்டை என்கிற புல்மேட்டில் சித்திரை வரை மேய்ச்சல் இருக்கும். மரமே இல்லாத மொட்டை மலை அது. உச்சியை ஒட்டிய ஒரு ஓரத்தில் மட்டும், அந்தக் காலத்தில் நட்டு வளர்த்த பைன் தோப்பு ஒன்று வரிசை வரிசையாக நிற்கும். விருமாண்டிதான் மாட்டுக் கிடைக்குத் தலைவர். அவருக்கு முப்பத்துமூன்று வயது, காசிமாயனுக்கு இருபத்தைந்து. மலையை விட்டு இறங்கும்போது முற்றிப்போன புல்லைக் கொளுத்திவிட்டு வருவது வழக்கம். அடுத்த மழைக்கு இளம்புல் வரும்.

அந்த வருடம், இறங்குவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மாலைப்பொழுதில் மேட்டின் உச்சியிலிருந்து தீ வந்தது. பள்ளத்தில் கிடையில் நின்ற காசிமாயனின் பதினொரு மாடுகள் தப்பவில்லை. பைன் தோப்பும் அடி கருகியது. அன்று பகலில் உச்சிக்குப் போய் வந்தவர் விருமாண்டி ஒருவர்தான். அவர் இடுப்பு மடியில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். விசாரிக்க வந்த காட்டுக் காவலரிடம் காசிமாயன், "எங்க மச்சான்தான்" என்று சொன்னார். பதினொரு மாடும் கரிக்கட்டையாகக் கிடந்த இடத்தில் நின்று சொன்ன வார்த்தை அது.

விருமாண்டி மேல் வழக்குப் போட்டார்கள். நாலு வருடம் அலைந்து, சாட்சி போதாமல் தள்ளுபடியானது. மாட்டுக்காரர்கள் வைத்த தீ என்று சொல்லி, ஆத்தாமொட்டைக்கு மாடு ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஊர்க் கூட்டத்தில் விருமாண்டி, "நான் வைக்கல. இடி விழுந்து பத்துன தீ" என்றார். மழையில்லாமல் என்ன இடி என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் கருப்பசாமி கோயிலுக்கு நடந்துபோய், கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சீமையில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. செய்த பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. காசிமாயன் திறந்தார்: "சாமியையும் ஏமாத்துறியா நீ?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

கல்யாணச் செய்தி வந்த அதே வாரம், வனத்துறை ஏலத்தில் எடுத்த பைன் கட்டைகள் இரண்டு லாரியில் பட்டறைக்கு வந்தன. கூடவே ஸ்கூட்டரில் ஒரு பெண்ணும் வந்தார். பெயர் ஜெனி, மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். அம்மா ஆனிமேரி மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஜூடுவின் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அந்த உரிமையில்தான் ஜெனி வந்திருந்தார்.

"அண்ணே, ஒவ்வொரு மரத்துலயும் அடிக்கட்டையில இருந்து மூணு விரல் கனத்துக்கு ஒரு வட்டு அறுத்துத் தரணும்" என்றார் காசிமாயனிடம். "ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கேன். மாத்திறாதீங்க. மாத்தினீங்கன்னா என் மூணு வருசப் படிப்பு பேலட்டாப் போயிரும்."

"வட்டு எதுக்கு தாயி? முறுக்குப் பலகைக்கா?"

"வளையம் எண்ணுறதுக்கு. வருசத்துக்கு ஒரு வளையம். மரம் எப்ப முளைச்சது, எப்ப பஞ்சம், எப்ப தீன்னு எல்லாம் அதுலயே இருக்கும். பைன் தோப்பு நட்டது கொஞ்ச இடத்துலதான். இன்னைக்கு மலை முழுக்கப் பரவிக் கிடக்கு. ஏன் பரவுச்சு, எப்ப பரவுச்சுன்னு பாக்குறேன். புல்லு திரும்ப வரணும்னு இப்ப வெளிய பரவுனதையும் பழைய தோப்புல கொஞ்சத்தையும் வெட்டியிருக்காங்க."

"எந்த மலை?"

"ஆத்தாமொட்டை."

காசிமாயனின் கை கட்டையின் மேலேயே நின்றுவிட்டது. "அதுல தோப்பைத் தவிர மரமே கிடையாதே" என்றார்.

"இப்ப புல்லுதான் கிடையாது. நீங்க பாத்திருக்கீங்களா?"

"மாடு மேச்சிருக்கேன்."

ஜெனிக்கு முகம் மலர்ந்துபோனது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேசினார்கள். காசிமாயன் மாடுகள் ஏறும் பாதை, தண்ணீர் கிடக்கும் இடம், எந்த மாதம் எந்தப் புல் என்று சொல்வார். ஜெனி நோட்டில் எழுதுவார். அறுத்த வட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைப்பார்.

ஐந்தாம் நாள் ஜெனி சொன்னார்: "தோப்புக்கு வெளிய முளைச்ச மரம் எல்லாம் ஒரே வயசு அண்ணே. இருபத்தாறு, இருபத்தஞ்சு, அம்புட்டுத்தான். தோப்புக்குள்ள நின்ன பழைய மரத்துல, அடியில தீப்பட்ட வடு இருக்கு. அது இருபத்தேழு வருசம் முன்னாடி. கணக்கு சரியா இருக்கு. அந்தச் சூட்டுலதான் பைன் காய் வெடிச்சு விதை கொட்டியிருக்கு. வனத்துறையோட பழைய பதிவுலயும் மாட்டுக்காரங்க வச்ச தீன்னுதான் இருக்கு."

"வச்சது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் காசிமாயன். "விருமாண்டி. கருமாத்தூரு."

"பதிவுலயும் அந்தப் பேருதான். அப்ப நான் உறுதியா எழுதிறலாம்ல? ஆராய்ச்சிப் புத்தகத்துல வரும். நேர்ல இருந்தவங்க சொன்னதுன்னு."

"எழுதிக்க."

ஜெனி எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டார்: "ஒரு சந்தேகம் அண்ணே. மாடு மலையில நிக்கும்போதே கொளுத்துவீங்களா?"

"சேச்சே. மாடு எல்லாம் இறங்குன பிறகுதான். அதுவும் விடியக்காலம், பனி ஈரத்துல. காத்து விழுந்திருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, திட்டுத் திட்டாத்தான் கொளுத்துவோம்."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் சாயங்காலம், மாடு நிக்கும்போது?"

காசிமாயன் தூக்குச் சட்டியை மூடினார். "வாளு சூடு ஆறிருச்சு, வேலையப் பாப்போம்" என்று எழுந்தார்.

அந்தக் கேள்வி அவரோடு சைக்கிளில் வீட்டுக்கு வந்தது. மறுநாள் திரும்பப் பட்டறைக்கும் வந்தது. இருபத்தேழு வருடத்தில் அதை அவர் தன்னிடமே கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதினொரு மாட்டுக்கும் பொறுப்பாளி என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் இல்லாமல் போயிருக்கும். துக்கத்தைச் சுமக்க முடியாதவன் அதை இறக்கிவைக்க யாராவது ஒருவரின் தலையைத் தேடுகிறான். நம்மில் பலரும் அப்படித்தான்.

பதினேழாம் எண் மரம் சனிக்கிழமை மதியம் வாளுக்கு வந்தது. பழைய தோப்பு மரம். அடிமரம் இரண்டு ஆள் சேர்ந்து புரட்டும் பருமன். நாலு துண்டாக வந்திருந்தது. ஜெனி அன்று கல்லூரிக்குப் போயிருந்தார். மற்ற ஆட்கள் துண்டுகளை மேடைக்குப் பக்கத்தில் புரட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

அடித் துண்டில் வட்டு அறுத்தார். உள்ளே கருத்த வடு ஒன்று இருந்தது. அது புதிதல்ல, இதுவரை ஒன்பது மரத்தில் பார்த்தாயிற்று. தீ தரையோடு வரும்போது அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுட்டுவிட்டுப் போகும். அதற்கு மேலே மரம் சுத்தமாக இருக்கும். அதனால் இரண்டாவது துண்டைப் பலகைக்காக வாளில் ஏற்றினார். வாள் உள்ளே இறங்கியதும் மறுபடியும் கரி வாடை வந்தது.

வாளை நிறுத்தினார். துண்டின் நீளம் முழுக்க அந்தக் கருப்பு ஓடியிருந்தது. மூன்றாவது துண்டைப் புரட்டிப் பார்த்தார். அதன் பட்டைக்கு அடியிலும் அதே தழும்பு, மரத்தைச் சுற்றிக் கயிறு முறுக்கினாற்போல வளைந்து போயிற்று. நாலாவது துண்டு, மரத்தின் கொண்டைப் பக்கம். அங்கே தழும்பு இன்னும் அகலமாக, பிளந்து மூடியதுபோல இருந்தது.

கீழே இருந்து ஏறிய தீ இல்லை. மேலே இருந்து இறங்கியது.

பதினெட்டு வருடம் மரம் அறுத்தவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடி விழுந்த தென்னையிலும் வேம்பிலும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறார். அடி வட்டைக் கையில் எடுத்து, வடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகத்தால் ஒவ்வொரு வளையமாக எண்ணினார். இருபத்தேழு. மறுபடி எண்ணினார். இருபத்தேழு.

அப்போது அவருக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. அன்று மாலை, தீ வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பள்ளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது மலைக்கு மேலே ஒரு வறட்டு இடி. மாடெல்லாம் ஒருமுறை தலை தூக்கிப் பார்த்தன. அவரும் பார்த்தார். மழை வரவில்லை. அவ்வளவுதான். அதைக் காவலரிடம் சொல்லவில்லை, ஊர்க் கூட்டத்தில் சொல்லவில்லை. மச்சான் "இடி" என்று சொன்னபோது சிரித்தவர்களோடு சேர்ந்து நின்றார்.

பட்டறையில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மூன்று துண்டையும் பலகையாக அறுத்துப்போட்டால் திங்கள்கிழமை அது பேலட். செவ்வாய்க்கிழமை அதன்மேல் ஏதோ ஒரு கம்பெனியின் உரமூட்டை இருக்கும். அடிவட்டு மட்டும் ஜெனியிடம் போகும். அதில் இருப்பது மற்ற ஒன்பது மரத்தைப் போலவே தீ வடு. அந்தப் பெண் எழுதியது எழுதியபடி அச்சாகும். காசிமாயன் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

வாள் விசையில் கை வைத்தார். விசையை அழுத்தவும் செய்தார். வாள் ஓட ஆரம்பித்தது. கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்காக, பழக்கத்தில், வலது கை தானாகப் போயிற்று. தொட்ட கையில் கரி ஒட்டியிருந்தது. அதைக் கண்ணில் ஒற்ற முடியவில்லை.

விசையை அணைத்துவிட்டு ஜூடுவிடம் போனார். "மொதலாளி, ஜெனி பாப்பாவுக்கு ஒரு போன் போடுங்க. பதினேழாம் நம்பர்ல அடிவட்டு மட்டும் பத்தாது. நாலு துண்டையும் பாக்கணும்."

ஜெனி சாயங்காலம் வந்தார். நாலு துண்டிலும் வட்டு எடுக்கச் சொன்னார். தேய்த்தார், எண்ணினார், மறுபடி தேய்த்து எண்ணினார். ஜூடு டீ வாங்கி வரச்சொல்லி, டீ ஆறிப்போய், இன்னொரு டீயும் வந்தது.

"நாலு துண்டுலயும் அதே வருசம் அண்ணே" என்றார் கடைசியில். "அந்த வருசம் மரம் வளர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கோடையில பட்ட காயம். இந்த மரம் நின்னது தோப்போட மேல் ஓரம். இதுக்குப் பக்கத்துல நின்ன மரங்கள்லதான் தீ வடுவும் ஆழம். கீழ போகப் போகக் குறையுது. இடிதான்னு நான் கோயில்ல சத்தியம் பண்ண முடியாது. ஆனா இதைப் பாத்துட்டு ஒரு ஆளு வச்ச தீன்னு என்னால எழுத முடியாது."

"அவரு சத்தியம் பண்ணுனாரு தாயி" என்றார் காசிமாயன். "கற்பூரத்தை அடிச்சு அணைச்சாரு. நான் நம்பல."

எல்லாவற்றையும் சொன்னார். இடி கேட்டதையும் சொன்னார். ஜெனி நோட்டைத் திறந்து, விருமாண்டியின் பெயர் எழுதிய பக்கத்தை எடுத்து, அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொன்னார்.

"அண்ணே, இன்னொண்ணு இருக்கு. தீ மட்டும் மலைய இப்படி மாத்தியிருக்காது. வருசா வருசம் நீங்க திட்டுத் திட்டாக் கொளுத்துனதுல பைன் நாத்து கருகிரும். மிச்சத்தை மாடு மிதிச்சிரும். அப்படித்தான் அத்தனை வருசம் அது புல்லாவே கிடந்திருக்கு. அந்தத் தீக்குப் பிறகு மாடும் ஏறல, சின்னத் தீயும் இல்ல. சாம்பல்ல விழுந்த விதை அம்புட்டும் மரமாயிருச்சு."

காசிமாயன் லாரியில் வந்து குவிந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தார். மாடு ஏறாமல் போனது எதனால் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு தயவுதான்.

"இம்புட்டு மரமும் என் வாயில இருந்து முளைச்சதா?" என்றார்.

"இருபத்தஞ்சு வயசு அண்ணே உங்களுக்கு அப்ப. பதினோரு மாடு போயிருக்கு" என்றார் ஜெனி. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் காலையில பூசைக்குப் போறேன். உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன். நீங்க கருமாத்தூருக்குப் போயிட்டு வாங்க."

ஞாயிறு காலையில் அடிவட்டையும் கொண்டை வட்டையும் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு காசிமாயன் செக்கானூரணி போய் உசிலம்பட்டி பஸ் ஏறினார். தமிழ்ச்செல்வி கூட வருகிறேன் என்றதற்கு, "முதல்ல நான் வாங்கிக் கட்டிக்கிறேன். பிறகு நீ வா" என்று சொல்லிவிட்டார்.

கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "என்னண்ணே இது, சப்பாத்திக் கட்டையா?"

"இல்லப்பா. சாட்சி."

கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

விருமாண்டியின் வீட்டு வாசலில் புதுச் சுண்ணாம்பு வாடை அடித்தது. கல்யாணத்துக்காக அடித்திருந்தார்கள். முத்துத்தாய் முற்றத்தில் பாத்திரங்களைப் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது. தம்பியின் தலையில் இவ்வளவு நரை இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போலும்.

"மச்சான் இருக்காரா அக்கா?"

விருமாண்டி உள்ளேயிருந்து வந்தார். அறுபது வயது, இடது கால் கொஞ்சம் தாங்கல். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காசிமாயன் மூட்டையை அவிழ்த்து இரண்டு வட்டையும் தரையில் வைத்தார். "ஆத்தாமொட்டை மரம் மச்சான். எங்க பட்டறைக்கு வந்துச்சு. ஒரு ஆராய்ச்சிப் புள்ள எண்ணிப் பாத்துச்சு. இது அடி, இது கொண்டை. ரெண்டுலயும் ஒரே கோடு. அந்த வருசத்துக் கோடு." வட்டிலிருந்து கையை எடுத்தார். "அன்னைக்கு இடிச்ச இடி எனக்கும் கேட்டுச்சு. நான் சொல்லல."

விருமாண்டி காலைத் தாங்கித் தாங்கி வந்து குனிந்து உட்கார்ந்தார். கொண்டை வட்டைக் கையில் எடுத்து, அந்தக் கருப்பு வடுவின்மேல் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தடவினார். அவரது உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று வெளுத்துக் கிடந்தது.

"எங்க நின்ன மரம்?"

"மேல் ஓரம். பாறைக்குப் பக்கத்துல."

"தெரியும்" என்றார் விருமாண்டி. "நான் மறுநாளு போயிப் பாத்தேன். கொண்டை பிளந்து நின்னுச்சு. ஊர்ல சொன்னேன். மரத்தை வெட்டிக் கொண்டாந்து காட்டுன்னாங்க." தலையை ஆட்டிக்கொண்டார். "இருபத்தேழு வருசம் மனுசன் சொல்லி எடுபடல. ஒரு கட்டை சொன்னதும் பஸ் ஏறி வாரியே மாப்ள."

அந்த "மாப்ள" காதில் விழுந்ததும் காசிமாயன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கண்ணீர் அடிவட்டின்மேல் சொட்டியது.

"அந்த வட்டை நனைக்காத. அந்த ஆராய்ச்சிப் புள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்ல" என்றார் விருமாண்டி.

"மச்சான், நான் கருப்பசாமி கோயில்ல வந்து ஊர் பாக்க நின்னு சொல்றேன். நான் சொன்னது பொய்யின்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

விருமாண்டி உள்பக்கம் திரும்பி, "அஸ்வினி, அந்தப் பத்திரிகைக் கட்டுல ஒண்ணு எடுத்தா" என்றார்.

ஒரு பெண் வந்தாள். முத்துத்தாய் கல்யாணமான புதிதில் எப்படி இருந்தாரோ அதே நெற்றி, அதே நடை. அவள் பத்திரிகையை நீட்டினாள். காசிமாயன் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். மஞ்சள் தடவிய ஓரம். கடைசி வரிக்கு அவர் கண் போகுமுன் அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

தாய்மாமன்: காசிமாயன், தமிழ்ச்செல்வி.

அச்சடித்து மூன்று வாரம் ஆகிறது என்று பத்திரிகையோடு ஒட்டி வந்த அச்சக ரசீதின் தேதி சொன்னது. அப்போது பைன் லாரி வரவில்லை. வட்டு இல்லை. சாட்சி என்று ஒன்றும் இல்லை.

"உங்க அக்கா போட வேணாம்னுச்சு, நீ வராட்டி அசிங்கம்னு" என்றார் விருமாண்டி. "நான்தான் போடச் சொன்னேன். நமக்குள்ள ஆயிரம் இருக்கும். புள்ளைக்குத் தாய்மாமன் இல்லாம போயிருமா?"

"அப்புறம் ஏன் வந்து பத்திரிகை வைக்கல?" என்றார் முத்துத்தாய், கணவரைப் பார்த்து.

"அதுக்குத் தைரியம் வரல. நேத்தும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"பழம் வாங்கப் போனேன்னீங்க?"

"பழமும் வாங்கிட்டுத்தான வந்தேன்."

அஸ்வினி சிரித்துவிட்டாள். முத்துத்தாய் சிரிக்கப் பார்த்து அழுதார். அழுதுகொண்டே துடைத்து வைத்த சொம்பில் தண்ணீர் மொண்டு தம்பிக்குக் கொடுத்தார். காசிமாயன் அண்ணாந்து குடித்தார். பாதி கழுத்திலும் சட்டையிலும் வழிந்தது.

"மாமா" என்றாள் அஸ்வினி. அந்தச் சொல் அவளுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒருமுறை சொல்லி நிறுத்தி, மறுபடி சொன்னாள். "மாமா, மாலை நீங்கதான் எடுக்கணும். எனக்கு ரோஜா ஒத்துக்காது, தும்மல் வரும். சம்பங்கி எடுங்க."

"சம்பங்கியே எடுத்துருவோம் தாயி."

சாப்பிட்டு முடித்து வெயில் தாழ்ந்த பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் கருப்பசாமி கோயிலுக்கு நடந்தார்கள். விருமாண்டியின் கால் நடைக்குத் தகுந்தாற்போல் காசிமாயன் மெதுவாக நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட மூன்று பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "என்ன விருமாண்டி அண்ணே, மழை வருமோ?" என்றார்.

"வரும்யா. இடி முதல்லயே இடிச்சிருச்சு" என்றார் விருமாண்டி.

கோயிலில் காசிமாயன் கற்பூரத்தை ஏற்றினார். ஏற்றிவிட்டு, அணைப்பதற்காக உள்ளங்கையை விரித்தார். விருமாண்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. இந்தச் சாமி முன்னால ஒருதரம் அணைச்சது போதும். இது எரியட்டும்."

பிடித்த கையை அவர் விடவில்லை. கற்பூரம் சின்ன வட்டமாகச் சுருங்கி, நீலமாகி, தானே தீர்ந்தது. அதுவரை இருவரும் நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் காசிமாயனின் போன் அடித்தது. ஜெனி. "என்னண்ணே ஆச்சு?" என்றார் எடுத்ததும். காசிமாயன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இப்ப என்ன எழுதப் போற தாயி?" என்று கேட்டார்.

"அவரையே கேட்டுச் சொல்லுங்களேன்."

விருமாண்டி போனை வாங்கினார். "இடி விழுந்துச்சுன்னு எழுது. யாரு பேரும் வேணாம்" என்றார். பிறகு சொன்னார்: "மலைய மறுபடி புல்லாக்கப் போறாங்கன்னு மாப்ள சொன்னான். வெட்டுனா மட்டும் பத்தாது தாயி. மறுமழைக்கு நாத்து முளைக்கும். எப்பக் கொளுத்தணும், எம்புட்டுக் கொளுத்தணும்னு ஒரு பக்குவம் இருக்கு. கல்யாணம் முடியட்டும், வந்து கேளு. கல்யாணத்துக்கும் வா. அம்மாவையும் கூட்டிட்டு வா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல புள்ளையா இருக்கு. அதுக்குப் பத்திரிகை வச்சியா?" என்றார்.

"எனக்கே இன்னைக்குத்தான மச்சான் கிடைச்சது."

"சரி, உன் பக்கத்துக்கு ஒரு அம்பது எடுத்துட்டுப் போ. மொதலாளிக்கு ஒண்ணு வையி. ரெண்டு பேருமாப் போயி வைப்போம். தனியாப் போனா நான் பாதி வழியில திரும்பிருவேன்."

காசிமாயன் சிரித்தார். முன்னிருட்டில் அக்கா வீட்டு வாசல் விளக்கு எரிவது தெரிந்தது. நடையை எட்டிப் போடப் போனவர், மச்சானின் கால் நினைவு வந்து, மறுபடி மெதுவாக்கிக்கொண்டார்.